புதுப்பிப்பு: ஜெனரலின் கோல்ட் 1903 உறுதியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: என்னிடம் உள்ள .32 கோல்ட் 1903 கைத்துப்பாக்கி அமெரிக்க ராணுவ ஜெனரல் ஒருவருக்கு வழங்கப்பட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது என்று. பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் துப்பாக்கியைத் தயாரித்த கோல்ட் நிறுவனத்துக்கு எழுதி, அது எங்கே அனுப்பப்பட்டது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் ஆவணக் கடிதம் வாங்கினேன். அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலைக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது, அவ்வளவுதான். யார் கைக்குப் போனது என்பது அதில் இல்லை. துப்பாக்கி உடற்பகுதியின் வலப்பக்கத்தில் 'யு.எஸ். ப்ராப்பர்ட்டி' (அமெரிக்க அரசின் சொத்து) என்ற முத்திரை இருந்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் அதே முத்திரையோடு இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க உளவுப் பிரிவான ஓஎஸ்எஸ்ஸுக்கும் நிறைய போயிருக்கின்றன. ஆக, முத்திரை மட்டும் சாட்சி ஆகாது.

கைகொடுத்தது, "உங்களுக்கு விற்ற குடும்பத்திடம் ரசீது கேளுங்கள்" என்ற யோசனைதான். ஜெனரலின் மகள் பரணில் தேடி, வட்டமான தங்கநிறக் கொக்கி வைத்த தோல் பெல்ட்டையும் ஒரு மடித்த தாளையும் எடுத்துக் கொடுத்தார். ஓரம் பழுத்து, மடிப்பில் கிழிந்த ராணுவ ரசீது. வரிசை எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது! அடியில் ஜெனரலின் கையெழுத்து. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை.

எதிர்பாராத ஒன்று: உள்ளே இருந்த மேகசின் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) பிற்காலத்தில் மாற்றியது. அப்புறம், தேய்ந்த சாம்பல் பூச்சைப் புதுப்பிக்கச் சொன்னவர்களுக்கு: அதைத் தொடப்போவதில்லை. ரசீதை அமிலமில்லா உறையில் துப்பாக்கியோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.