புதுப்பிப்பு: வெரிட்டே ஓபன், பேட் மாற்றிய பிறகு

சிகாகோ பக்கம் மரத்தில் செய்த இசட்எம்எஃப் வெரிட்டே ஓபன் ஹெட்ஃபோன் பற்றி முன்பு எழுதியிருந்தேன். குரல் அருமை, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) தளர்வாகக் கேட்கிறது; காரணம் ஆம்ப்பா (ஹெட்ஃபோனை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்), பேடா (காதைச் சுற்றி அமரும் மெத்தை) என்று கேட்டிருந்தேன். பேடை மாற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பெரும்பாலும் அதுதான்.

பேட் மாறினால் காதுக்கும் டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள தூரம் மாறுகிறது, காதைச் சுற்றிக் காற்று கசியும் அளவும் மாறுகிறது. இது போல் பின்புறம் திறந்த ஓபன் பேக் ஹெட்ஃபோனில் கீழ்ச்சுருதி (பேஸ்) இந்தக் கசிவைப் பொறுத்தே நிற்கும். துளையிட்ட தோல் பேடைப் போட்டதும் தொப்பியின் 'தொம்' விழுந்த இடத்திலேயே நின்றது. வீணையில் மீட்டு முதலில், நாதம் அப்புறம் என்று தனித்தனியாகக் கேட்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்பவர்கள் ஒருமுறை கழற்றிவிட்டும் கேளுங்கள். கண்ணாடிக் காம்பும் கசிவுக்கு வழி விடும்.

ஆம்ப்புக்கும் பங்கு உண்டு. இந்த ஹெட்ஃபோனில் இருப்பது 300 ஓம் மின்தடை கொண்ட டைனமிக் டிரைவர். அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை) அதிகமுள்ள, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வால்வு ஆம்ப்பில் கீழ்ச்சுருதி சற்றே உப்பும், டேம்பிங் (டிரைவரின் அதிர்வை அடக்கும் பிடி) குறையும். பழைய நாதஸ்வரப் பதிவுகளுக்கு அந்தக் கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. தனி ஆவர்த்தனத்துக்கு வால்வு இல்லாத, டிரான்சிஸ்டரில் இயங்கும் சாலிட் ஸ்டேட் ஆம்ப்தான்.

ஒலி அளவைச் சமமாக்கிய பிறகே ஒப்பிட்டேன். கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும்.

சரி, ஆம்ப்பை மாற்றப் போவதில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு ஜோடி பேட் வாங்குகிறேன்.