பாரிஸில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் வாங்க, பேசுவோம்

தேனிக்காரி:
மே மாதம் குடும்பத்தோடு பாரிஸ் போய்விட்டு வந்தோம். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்று எழுதத்தான் ஆள் குறைவு. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் சேருங்கள்.

எல்லோரும் போகும் கேலரி லஃபாயெத் என்ற பெரிய பல்பொருள் அங்காடிக்கு நாங்களும் போனோம். 1912இல் கட்டிய வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், 43 மீட்டர் உயரம். மொட்டை மாடிக்குப் போகக் கட்டணம் கிடையாது, ஊர் முழுக்கத் தெரியும். அந்த இரண்டுக்காகவே போகலாம். என் மாமியார் ஒரு கைப்பையின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நாலு பவுன் எடுத்திருவேன்டி" என்றார். அத்தோடு மாடிக்குப் போய்விட்டோம்.

நாங்கள் உண்மையில் பணம் செலவழித்தது மோனோப்ரீயில். உள்ளூர்க்காரர்கள் மாதச் சாமான் வாங்கும் கடை. துணியும் இருக்கிறது, சோப்பும் இருக்கிறது, பிஸ்கட்டும் இருக்கிறது. வெண்ணெய் பிஸ்கட், திஜோன் கடுகு விழுது, மார்செய் சோப்பு, ஜாம் என்று ஊருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் அங்கேயே முடிந்தது. சுற்றுலா இடங்களைச் சுற்றியுள்ள நினைவுப் பொருள் கடைகளில் இதே மாதிரிச் சாமானை அழகான டப்பாவில் போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். 2016லிருந்தே பில் போடும் இடத்தில் பிளாஸ்டிக் பை தருவதில்லை.

இன்னொன்று. மரே பகுதியில் சின்னதாக ஒரு துப்பட்டாக் கடை. எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் நுழைந்து, நேராக விலை கேட்டது. கடைக்கார அம்மா பதிலே சொல்லாமல் "போன்ஜூர்" (வணக்கம்) என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார். நாங்கள் நுழைந்ததும் என் பெண் கணீரென்று ஒரு போன்ஜூர் போட்டாள். அந்த அம்மா அலமாரியையே பிரித்துக் காட்டிவிட்டார்.

கோவை நடையன்:
வரி திரும்ப வாங்கும் கதையை நான் சொல்கிறேன். அங்கே இதற்கு தெத்தாக்ஸ் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயது தாண்டியவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். மூன்று நாளுக்குள் அதே கடையில் வாங்கியதைச் சேர்த்துக் கணக்குப் போட முடியும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பொதுவான வாட் வரி 20 சதவீதம். ஆனால் அது விலைக்குள்ளேயே அடங்கியது, இடையில் கமிஷனும் போகிறது. கடைசியில் கைக்கு வருவது பெரும்பாலும் விலையில் 12 சதவீதம் மாதிரிதான். இருபது வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள்.

ஓபேரா பக்கம் ஓர் அழகுசாதனக் கடையில் கூடை நிறைய எடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். பில் போடும்போது "எங்களிடம் தெத்தாக்ஸ் கிடையாது" என்றார்கள். என் மனைவிக்கு வந்த கோபம்! ஆனால் சட்டப்படி கடைக்காரர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கூடையைத் தூக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில், கடையில் கொடுத்த தெத்தாக்ஸ் தாளின் பார்கோடைக் காட்ட வேண்டும். பச்சைத் திரை வந்தால் வேலை முடிந்தது. பெட்டியைச் செக்-இன்னில் போடும் முன்பே இதைச் செய்யுங்கள், சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். நாங்கள் பாரிஸிலிருந்து ரோம் போய், அங்கிருந்துதான் சென்னைக்கு ஏறினோம். ஒன்றியத்தை விட்டு வெளியேறியது அங்கிருந்து என்பதால் முத்திரை ரோம் சுங்கத்தில். வரிசை நீளம், நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அமுக்குங்கள். ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தில் தாளித்துவிடுவார்கள்.

லண்டன் பெடியன்:
பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எங்களுக்கும் இந்த தெத்தாக்ஸ் உண்டு. லண்டனில் வெளியூர்க்காரருக்கு இருந்த இதே சலுகையை 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் வருகிற ஆட்கள் பெரிய சாமானைப் பாரிஸில் வாங்குவதுதான் புத்தி. யூரோஸ்டார் ரயிலில் லண்டன் திரும்புவதென்றால் கார் து நோர் ரயில் நிலையத்திலேயே பாப்லோ இயந்திரம் இருக்கிறது. 390 பவுண்டுக்கு மேல் சாமான் கொண்டுவந்தால் இந்தப் பக்கம் வரி கேட்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கோ. சீஸ் வாங்கி வருகிற பழக்கம் முடிந்தது. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பாற்பொருளும் ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியும் சொந்தப் பாவனைக்குக்கூடப் பிரிட்டனுக்குள் கொண்டுவர முடியாது. அம்மா இன்னும் நம்பவில்லை.

லாச்சப்பல்வாசி:
கார் து நோர் வரை வந்துவிட்டு எங்களிடம் வராமல் போகிறீர்களே! ஸ்டேஷனால் வெளிக்கிட்டு போபூர் சென் தெனி வீதியால் மேல் நோக்கி நடந்தால், லா ஷப்பல் மெட்ரோ வரைக்கும் எங்கட ஆட்களின் கடைகள்தான். முருங்கைக்காய், கருவேப்பிலை, சீலை, நகை, கொத்துரொட்டி, மட்டன் ரோல் எல்லாம் கிடைக்கும். ஐரோப்பா முழுக்க இருந்து கலியாணச் சாமான் வாங்க இங்கே வருவார்கள். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் சீலை வாங்க வேண்டாம், அது உங்கட ஊரில் இருந்துதான் எங்களுக்கு வருகிறது. சாப்பிட வாங்கோ. பிள்ளையார் தேருக்கு, ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கம் அளவில், ஞாயிறு வந்தால் வீதி முழுக்கத் தேங்காய்தான், சனத்துக்குள் கடையைத் தேட ஏலாது.

பழம்பொருள் பித்தன்:
செந்துவாங் பழம்பொருள் சந்தையை யாருமே சொல்லவில்லையா? சனி, ஞாயிறு, திங்கள். போர்த் த கிளிஞான்கூர் மெட்ரோவில் இறங்கியதும் ஜீன்ஸ், கடிகாரம், போலிப் பிராண்டு பைகளைக் கையில் வைத்துக்கொண்டு சூழ்ந்துகொள்வார்கள். நிறையப் பேர் அதுதான் சந்தை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். போலிப் பொருளைத் தொடாதீர்கள், பிரான்சில் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு. அதைத் தாண்டி, சுற்றுவட்டச் சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து ரூ தெ ரோசியே தெருவுக்குப் போக வேண்டும்.

அங்கே ஒரு சந்தை அல்ல, பல சந்தைகள். பால் பெர், செர்பெத் எல்லாம் பணக்காரர்களின் மேசை நாற்காலி. எனக்குப் பிடித்தது வெர்னேசோன். ஒருவர் மட்டும் போகும் சந்துகள், பழைய பொத்தான், மணி, சாவி, பீங்கான். ஒரு தாத்தா கடையில் பழைய தபால் அட்டைகளை ஊர்வாரியாகப் பெட்டியில் அடுக்கியிருந்தார். நகர்த்திக்கொண்டே போனால் பின்னால் பிரெஞ்சு இந்தியா என்று ஒரு தடுப்பு. புதுச்சேரிக் கடற்கரை, காரைக்கால், தள்ளுவண்டியில் தொப்பி போட்ட துரை. ஒன்றின் பின்னால் யாரோ யாருக்கோ பிரெஞ்சில் நுணுக்கி எழுதிய கடிதம். நான் பொறுக்கியதை எல்லாம் ஒன்றாக வைத்து, மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். பென்சிலால் எழுதிக் கூட்டினார், தாடையைச் சொறிந்தார், பாதிக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். ரொக்கம்தான். ரங்கநாதன் தெரு மாதிரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் பெட்டியை மூடிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே கேட்டால் குறைப்பார்கள்.

தேனிக்காரி:
பித்தன் அண்ணா, அந்த அட்டைகளைப் படம் எடுத்துப் போடுங்கள்! ஒரு சந்தேகம். என் தங்கை ஜனவரியில் போகிறாள். தள்ளுபடி எப்போது?

லாச்சப்பல்வாசி:
சோல்த் என்பார்கள். தேதியை அரசாங்கம்தான் வைக்கும். வழக்கமாகக் குளிர்காலத்தது ஜனவரி இரண்டாம் புதன், கோடையது ஜூன் கடைசிப் புதன், சில வருசம் ஒரு வாரம் முந்தும்; நாலு வாரம் நடக்கும். முதல் நாள் அளவு பார்த்து வாங்கலாம். கடைசி வாரம் விலை இன்னும் இறங்கும், ஆனால் சப்பாத்தில் (ஷூவில்) 36ஐயும் 46ஐயும் தவிர ஒன்றும் மிஞ்சாது. தங்கச்சியின் கால் அளவு என்ன?

தேனிக்காரி:
38.

லாச்சப்பல்வாசி:
அப்ப புதன்கிழமையே போகச் சொல்லுங்கோ.