"ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்": வன்னியில் நேராகப் பேசிய மனிதர்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தை ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்யாத பிள்ளை எங்கள் சபைகளில் இல்லை. வளர்ந்த பிறகு அந்த 'இல்லை' மட்டும் எங்கள் வாயில் வருவதில்லை. சிரமதானத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறோம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டால் "கர்த்தர் வழி திறப்பார்". அயல் வீட்டுக் கதை பேச ஆசை வந்தால் அதற்கும் வழி உண்டு: "அந்தத் தங்கச்சியின் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வரும்.

இப்படிப் பேசாத யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பரந்தனுக்கு உள்ளே ஒரு கிராமம். ஆலயக் கூரை வேலைக்குக் காசு சேர்க்கப் போதகரும் செயலாளரும் நானும் வீடு வீடாகப் போனோம். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனோம், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் கிடைத்தது, "ஜெபிக்கிறோம் பாஸ்ரர்" கிடைத்தது. கடைசி வீட்டில் இருந்த பெரியம்மா கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டு, நாங்கள் உட்காரும் முன்பே சொன்னார்:

"இந்த முறை நான் தர மாட்டேன் ஐயா. போன வருடம் சேர்த்ததற்குக் கணக்கு வாசிக்கவில்லை. வாசியுங்கள், தருகிறேன்."

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ஊழியக்காரருக்கு விரோதமாகப் பேசக்கூடாது" என்றார்.

"நான் அவருக்கு விரோதமாக ஒன்றும் பேசவில்லையே தம்பி. கொப்பியைத்தானே கேட்டேன். சீனி போடவா, வேண்டாமா?"

அடுத்த மாதம் கணக்கு வாசிக்கப்பட்டது. களவு எதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கூரைக் காசில் ஒரு பகுதி போயிருந்தது. நல்ல காரியம். ஆனால் ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. ஊருக்குள் அதுவரை உலவிய கதையோ போதகர் மோட்டார் சைக்கிள் வாங்கினார் என்பது. அதைப் பேசிய வாய்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால் "ஜெபிக்கிறோம்" என்ற வாய்கள்தான். பெரியம்மா மட்டுமே அந்தக் கதையைப் பேசாதவர். ஏனென்றால் கேட்க வேண்டியதை அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டார்.

முள்ளியவளையிலிருந்து

நான் சொல்லப்போவது ஒரு சாட்சிக் கூட்டத்தில் நடந்தது. இடமும் சபையும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த ஒரு பையனைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். கூட்டத்துக்கு என்ன தேவை என்பது எல்லோருக்கும் தெரியும்: ஷெல் விழுந்தது, ஜெபித்தேன், கர்த்தர் காத்தார், அல்லேலூயா. பையன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்:

"பங்கருக்குள் எல்லோரும்தான் ஜெபித்தோம். என் தங்கை என்னைவிடச் சத்தமாக ஜெபித்தாள். நான் இருக்கிறேன், அவள் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறேன். ஏன் வருகிறேன் என்பதும் முழுதாகத் தெரியாது."

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சகோதரர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். விருந்தினர்கள் கை தட்டினார்கள். பின் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை எழுந்து, "தம்பி, அந்தப் பிள்ளை சொன்னதை முழுதாகச் சொல்லும்" என்றார். சகோதரர் தயங்கினார். "நீர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்." ஆசிரியையே சொன்னார். பிறகு ஒருவரும் கை தட்டவில்லை. விருந்தினர்களில் ஒரு வயதானவர் மேடைக்கு ஏறி, ஒன்றும் பேசாமல் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் மூப்பர்கள் சிலருக்குக் கோபம். "இது விசுவாசத்தைக் குலைக்கிற பேச்சு" என்றார்கள். 88ஆம் சங்கீதத்தை அவர்கள் வாசித்ததில்லை போலும். தொடக்கம் முதல் முடிவு வரை முறையீடு. கடைசி வரியிலும் ஆறுதல் கிடையாது, இருள்தான். அதை வேதாகமத்திலிருந்து யாரும் வெட்டிவிடவில்லையே.

மடுவுக்கு அருகிலிருந்து, ஒரு கத்தோலிக்கர்

எங்கள் மறைமாவட்டத்தில் நேர்ப்பேச்சு என்றால் காலஞ்சென்ற இராயப்பு யோசேப்பு ஆண்டகைதான் ஞாபகம் வருவார். 1992 முதல் மன்னார் ஆயர். போருக்குப் பின் அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 2011 ஜனவரியில் அவர் கொடுத்த சாட்சியத்தைப் பலரும் 'ஆயர் துணிந்து குற்றம் சாட்டினார்' என்றே சொல்கிறார்கள். உண்மையில் அவர் செய்தது அதைவிடக் கடினமானது. கச்சேரி (மாவட்டச் செயலக) பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார்.

இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று ஒரே வரியில் தள்ளியிருப்பார்கள். பதிவில் இருந்த எண்களையே எடுத்துக் கழித்துக் காட்டிவிட்டு, தெரியாததைக் கேள்வியாக வைத்தார். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் இறைவனடி சேர்ந்தார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் இருந்த போராட்டத்துக்கு ஒரு முறை போயிருந்தேன். அங்கே ஒரு தாய். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் கிடைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் சுவாமி" என்று என்னோடு வந்த பாதரிடம் சொன்னார். "அவன் உயிரோடு இருக்கிறான் என்றும் நான் சத்தியம் செய்யவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" முள்ளியவளைக்காரர் எழுதியதை வாசித்தபோது அவரைத்தான் நினைத்தேன். அந்த அம்மா சைவம். வசனம் எங்களுடையது, கடைப்பிடித்தவர் அவர்.

மாங்குளத்திலிருந்து ஒரு சகோதரி

கொஞ்சம் மாறுபட்டுச் சொல்ல அனுமதியுங்கள். நேராகப் பேசுகிறேன் என்று பெருமைப்படுகிற ஒரு மூப்பரை எனக்குத் தெரியும். கணவனை இழந்த ஒரு பிள்ளை தலையில் பூ வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்ததற்காக, வாசலில் எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டித்தார். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது அவருடைய நியாயம். அதே மூப்பர், பக்கத்துக் காணியின் வேலியைத் தள்ளிப் போட்ட வசதியான சபையாரிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அங்கே மட்டும் "ஜெபத்தில் வைத்திருக்கிறேன்".

பவுல் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தது யாரை? பேதுருவை. சபையில் தன்னைவிட மூத்தவரை. புறஜாதியாரோடு பந்தியில் இருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து போனாரே, அதற்காக. வாசலில் நின்ற ஏழை விதவையை அல்ல.

பூநகரியிலிருந்து

நுண்கடன் காலத்தில் நடந்தது. கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பெண்கள் பின்பக்கத்தால் பனை வடலிக்குள் போவார்கள். "அம்மா இல்லை" என்று பிள்ளைகள் சொல்வார்கள். எங்கள் ஜெபக்குழுவில் இருந்த அக்கா ஒருவர், இனிப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன் என்று முடிவெடுத்து விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்தார். வந்த பையனிடம், "காசு இல்லை தம்பி. அடுத்த கிழமையும் இராது. நெல் வெட்டினால் தருவேன், அதுவும் மழை ஏமாற்றாவிட்டால்" என்றார்.

பையன் மரியாதையாகத்தான் போனான். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. குழுக்கடன் என்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எல்லோரும் ஒளிந்திருந்த காலம் வரை தவணை இழுபட்டது. இவர் வாய் திறந்து இல்லை என்றதும் மற்றப் பெண்களின் தலையில் அது விழுந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவிப்பதற்கு முந்தைய கதை இது.

கிளிநொச்சியிலிருந்து

பூநகரிச் சகோதரரிடம் ஒரு கேள்வி. அந்த அக்கா மற்றப் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே?

பூநகரியிலிருந்து

சொன்னார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "நாளைக்கு நான் ஒளியப் போவதில்லை, உங்களுக்குக் கஷ்டம் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். கோபத்துக்குக் காரணமே அதுதான். தெரியாமல் நடந்திருந்தால் மன்னித்திருப்போம் என்றார்கள். ஒருவர் இன்னும் அவரோடு பேசுவதில்லை. மற்றவர்கள் அறுவடைக்குப் பிறகு அவர் கொண்டுபோய்க் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கினார்கள்.