ஏரல் பக்கம் வெள்ளச் சேறு அள்ளும் குழுக்களைப் பிரித்து அனுப்ப ஆள் வேண்டும்

வணக்கம் மக்களே. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இப்போது தாமிரபரணி இறங்கிவிட்டது, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டுக்குள் புகுந்த சேறுதான் அப்படியே கிடக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலம் போதும் போதும் என்கிற அளவுக்கு வருகிறது, மண்வெட்டியோடு வருகிறவர்கள் குறைவு, அவர்களும் மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களிலேயே இறங்கிவிடுவதால் உள்தெருக்களுக்கு யாரும் போய்ச் சேருவதில்லை.

யார் எந்தத் தெருவில் என்று குறிக்க கூகுள் ஷீட் போட்டுப் பார்த்தோம். களத்தில் இருப்பவர் கையெல்லாம் சேறு, யார் டைப் செய்வது? அதனால் வீட்டிலிருந்தபடியே போன் எடுத்து, எந்தத் தெரு முடிந்தது, எங்கே ஊறிப்போன மெத்தையும் பீரோவும் தூக்க ஆள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு அடுத்த குழுவைத் திருப்பிவிட இரண்டு மூன்று பேர் தேவை. 2015 சென்னை வெள்ளத்திலோ 2018 கஜா புயலிலோ இந்த வேலை பார்த்தவர்கள் இருந்தால், எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நேரில் வருகிறவர்கள் கம்பூட், கையுறை கொண்டுவாருங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது, அதைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் துண்டித்தாயிற்றா என்று கேட்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். அப்புறம், பழைய துணி மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

போன் வேலைக்கு வர முடிகிறவர்கள் காலையா மதியமா என்று கீழே போடுங்கள்.