மைகோபிளாஸ்மா நிமோனியா: அமாக்ஸிசிலின் கொடுத்தும் இருமல் குறையவில்லை

கேள்வி: ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தொண்டைவலியும் தலைவலியுமாகத் தொடங்கி, பிறகு லேசான காய்ச்சலும் இரவில் தூங்கவிடாத வறட்டு இருமலும் வந்தன. அமாக்ஸிசிலின் முழுவதும் கொடுத்து முடித்தும் இருமல் குறையவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், மைகோபிளாஸ்மா நிமோனியாவாக இருக்கலாம் என்று அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தை நடமாடுகிறாள், ஓரளவு சாப்பிடுகிறாள். நிமோனியா என்பதை நம்பவே முடியவில்லை. முதல் மருந்து ஏன் கேட்கவில்லை? தம்பிக்கும் தொற்றுமா?

பதில்: குழந்தைநல மருத்துவர், புதுச்சேரி

அம்மா, நடமாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிவது இந்தக் கிருமியின் இயல்புதான். ஸ்டெதாஸ்கோப்பில் அதிகம் கேட்காது, படத்தில் கூடுதலாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் இது அதிகம் தாக்குகிறது.

அமாக்ஸிசிலினும் செபிக்ஸிம் போன்றவையும் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள கெட்டியான உறையான செல்சுவரின் கட்டமைப்பைக் குலைத்து அதை அழிப்பவை. மைகோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால், எவ்வளவு நாள் கொடுத்தாலும் அவற்றால் பயன் இராது. மிகச் சிறியதாகவும் வடிகட்டிகளைக் கடந்து செல்வதாகவும் இருந்ததால், 1944இல் ஈட்டன் குழுவினர் கண்டறிந்த இக்கிருமியை நெடுங்காலம் வைரஸ் என்றே கருதினார்கள். 1962இல்தான் சானாக் குழுவினர் அதைச் செயற்கை வளர்ப்புக் கலவையில் வளர்த்து, வைரஸ் அல்ல என்று காட்டினார்கள்.

அசித்ரோமைசின் புரதம் உருவாவதைத் தடுப்பதால் வேலை செய்கிறது. ஆனால் தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கக்கூடும். அப்போது டாக்ஸிசைக்ளின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். காய்ச்சல் தணிந்த பின்னும் இருமல் சில வாரம் இருக்கும். அதற்காக மருந்துக் கடையில் மறுபடியும் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

மூச்சு வேகமாவது, விலா இடுக்கு உள்வாங்குவது, உதடு நீலமாவது, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, குழப்பம் அல்லது வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வாயிலும் கண்ணிலும் புண்ணோடு தோலில் தடிப்பு வந்தாலோ, சிறுநீர் அடர்நிறமாகி உடல் வெளுத்தாலோ தாமதிக்க வேண்டாம். இது அரிதென்றாலும் இக்கிருமியால் நிகழ்வதுண்டு.

தம்பிக்குத் தொற்றலாம். அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், அவனைக் கவனித்து வந்தால் போதும். முன்கூட்டியே மருந்து தேவையில்லை, தடுப்பூசியும் கிடையாது.

பதில்: மருந்தாளுநர், கடலூர் முதுநகர்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அக்கா. டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றினால், பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் அசிடிட்டி மருந்தையும் அதே வேளையில் கொடுக்காதீர்கள். உடலில் மருந்து சேராது. நிறையத் தண்ணீருடன் விழுங்கச் சொல்லி, உடனே படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இருமல் நீண்டால் காசநோய் என்று அஞ்ச வேண்டுமா?

பதில்: குழந்தைநல மருத்துவர், புதுச்சேரி

அஞ்ச வேண்டாம், ஆனால் காசநோய்க்கான வாய்ப்பைச் சோதிக்காமல் ஒதுக்கிவிடவும் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், அதோடு எடை குறைவதோ வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததோ உண்டென்றால், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மைகோபிளாஸ்மாவை உறுதிப்படுத்தத் தொண்டைச் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உண்டு. பிள்ளை தேறி வருகிறாள் என்றால் அதற்கு அவசியமில்லை.