காயை அரைத்து மறைத்துக் கொடுப்பது சரியா, தவறா?

இளவேனில்:
என் மகனுக்கு நாலரை வயது. தயிர்சாதம், தோசை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், இவ்வளவுதான் அவன் சாப்பாடு. பழத்தில் வாழைப்பழம் மட்டும். அதிலும் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் தொட மாட்டான். உப்புமாவில் கிடக்கும் பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் முதல் வாயே எடுப்பான். மாமியார் கேரட்டையும் கீரையையும் அரைத்துத் தோசை மாவில் கலந்து ஊற்றிக் கொடுக்கிறார்கள், சாப்பிட்டுவிடுகிறான். வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "ஏமாற்றிக் கொடுத்தால் காய் என்றால் என்னவென்றே தெரியாமல் வளருவான். காயைச் சாப்பிடும் வரை வேறு எதுவும் கொடுக்காதே" என்கிறார். தினமும் இதே சண்டை. நீங்கள் யார் பக்கம்?

மணிமுத்தாறு:
நான் மாமியார் பக்கம். அவன் வயிற்றுக்குள் போனால் சரி, எந்த வழியில் போனால் என்ன? எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் கீரையைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். பசலைக்கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தேன், பரங்கிக்காயை வேகவைத்து மசித்துச் சாம்பாரில் கரைத்தேன். வீட்டில் அழுகை நின்றது, எனக்கும் நிம்மதி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. நிலைமை இப்படி இருக்கும்போது, பிள்ளை காயின் முகத்தைப் பார்த்துத் தின்கிறதா பாராமல் தின்கிறதா என்று வாதாட நேரமில்லை.

கோவைத் தாத்தா:
அம்மா, நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். எங்கள் வீட்டில் ஒரே குழம்பு, ஒரே பொரியல். பிடிக்காதவனுக்குத் தனியாக வறுவல் போடும் வழக்கமே கிடையாது. பசித்தால் பிள்ளை சாப்பிடும். இப்போது பசிக்கவே விடுவதில்லை. பத்து மணிக்கு பிஸ்கட், பதினொன்றரைக்கு ஜூஸ், மாலையில் முறுக்கு. அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பசி எங்கிருந்து வரும்? முதலில் அந்த டப்பாவை மேல் தட்டில் ஏற்றி வையுங்கள்.

வைகைக்கரை:
தாத்தா, டப்பா விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் "சாப்பிடும் வரை வேறு எதுவும் கிடையாது" என்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. இரண்டு வகை சூப். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பை முடி, முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இன்னொன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்தாத சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்தியதைப் பற்றி முகம் சுளித்துப் பேசியதும் அதிகம். தட்டின் முன்னால் அதட்டல் நடந்தால், காயைப் பார்த்தவுடன் அதட்டல்தான் பிள்ளையின் நினைவுக்கு வரும்.

மணிமுத்தாறு தோழிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலப்பது வேறு, மறைப்பது வேறு. முருங்கைக்கீரை அடையில் கீரை இலை இலையாகத் தெரியும். கீரை வடையில் தெரியும். அவியலில் முருங்கைக்காயும் கேரட்டும் நீளநீளமாகக் கிடக்கும். நம் சமையல் காலம் காலமாகக் காயைக் கலந்துதான் வந்திருக்கிறது, ஆனால் ஒளித்ததில்லை. பிள்ளை அதைப் பார்க்கிறது, கடிக்கும்போது பல்லுக்குத் தெரிகிறது, மணம் பழகுகிறது. ஒன்றும் தெரியாமல் விழுதாக அரைத்துவிட்டால் வயிறு நிறையும், நாக்கு எதையும் பழகாது. புதிய காயைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து முறை, சில காய்களுக்குப் பதினைந்து முறை கூட அதை ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அரைத்து ஒளித்தது அந்தக் கணக்கில் சேராது.

நான் வேலை பார்த்தது தொடக்கப் பள்ளியில். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். வீட்டில் சாம்பார்க் காயைத் தொடாத பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்தவன் தின்பதைப் பார்த்து எடுத்துத் தின்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் சாப்பிடு என்று கெஞ்சவில்லை.

மணிமுத்தாறு:
ஆய்வு என்றால் என் பக்கமும் இருக்கிறது. 2011-ல் பென்சில்வேனியாவில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் காய் விழுதை உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போன காயின் அளவு ஏறக்குறைய இரு மடங்கானது. தட்டில் தனியாக வைத்த காயையும் அவர்கள் வழக்கமான அளவு சாப்பிட்டார்கள், குறைக்கவில்லை. அப்படியிருக்க, ஒளித்துக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பதற்கு என்ன ஆதாரம்? பதினைந்து முறை வைத்துப் பதினைந்து முறை குப்பையில் கொட்ட எல்லார் வீட்டிலும் வசதி இல்லை. காய் விற்கிற விலையைப் பாருங்கள்.

வைகைக்கரை:
பதினைந்து தட்டு வேண்டாம், பதினைந்து துண்டு போதும். பெரியவர்களுக்குச் செய்த பொரியலில் இருந்து ஒரு ஸ்பூன். மிஞ்சினால் நாமே சாப்பிட்டுவிடலாம். நீங்கள் சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. அங்கேயும் தனிக் காய் தட்டில் இருந்ததே, அதைத்தான் நானும் கேட்கிறேன். பல வீடுகளில் விழுது உள்ளே போன நாளிலிருந்து பொரியல் தட்டுக்கு வருவதே நின்றுவிடுகிறது.

செம்பருத்தி:
இவ்வளவு பேசுகிறீர்களே, குழந்தைக்கே தனக்கு என்ன தேவை என்று தெரியும். சிகாகோ மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களிலும் 30-களிலும் பதினைந்து குழந்தைகளைத் தங்கள் விருப்பம் போல் சாப்பிட விட்டார். எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். விட்டுவிடுங்கள், தானே சரியாகும்.

நித்திலம்:
செம்பருத்தி, அந்த ஆய்வில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். டேவிஸ் வைத்த 34 உணவுகளும் காய், பழம், தானியம், பால், முட்டை, இறைச்சி, மீன் போன்றவை. சர்க்கரை கிடையாது, பதப்படுத்தியது கிடையாது. பிள்ளை எதை எடுத்தாலும் நல்லதாக இருக்கும்படி தட்டைத் தயாரித்தது பெரியவர்கள். அப்பளமும் வறுவலும் பிஸ்கட்டும் கைக்கு எட்டும் வீட்டில் "தானே தேர்ந்தெடுக்கட்டும்" என்று விட்டால், அது டேவிஸ் செய்தது ஆகாது.

நான் உணவு ஆலோசகர். என்னிடம் வரும் பெற்றோரிடம் சொல்வது இதுதான்: என்ன சமையல், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. இந்தப் பங்கீட்டை அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார். தட்டில் அவன் சாப்பிடும் பொருள் ஒன்றாவது இருக்கட்டும், தயிர்சாதமே இருக்கட்டும். பக்கத்தில் காய் ஒரு ஸ்பூன். அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இரண்டு வயதுக்கு மேல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு, பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கசப்பு பிறவியிலேயே கூர்மையாகத் தெரியும். முட்டைக்கோஸையும் முள்ளங்கியையும் அவர்கள் ஒதுக்குவதற்கு அதுவும் காரணம். கோஸைக் குக்கரில் குழைய விட்டால் கந்தக வாடை ஏறிவிடும். மெல்லிதாக நறுக்கி, வாணலியில் சட்டென்று வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவிப் பாருங்கள்.

இளவேனில், ஒரு கேள்வி. பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?

இளவேனில்:
காலையில் ஒரு டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று, படுக்கும் முன் ஒன்று. சத்துமாவு கலந்துதான் கொடுப்போம். சாப்பாடு இறங்காத நாளில் பாலாவது போகட்டும் என்று மாமியார் இன்னொன்றும் கொடுப்பார்கள். சாப்பிடும்போது போனில் கார்ட்டூன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

நித்திலம்:
முக்கால் லிட்டர் பக்கம் வருகிறது. அரை லிட்டரைத் தாண்டினாலே பசி மங்கும், சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து ஏறுவதும் குறையும். தாத்தா சொன்ன பசி விஷயம் இங்கேதான் பொருந்துகிறது. ஏழு மணி டம்ளரை முதலில் நிறுத்துங்கள், இரவுச் சாப்பாடு அந்த நேரத்துக்கு வரட்டும். மணிமுத்தாறு சொன்ன இரத்தசோகைக் கவலை நியாயமானது, ஆனால் கேரட் விழுதில் இரும்பு அதிகம் கிடையாது. கீரை, பயறு, முட்டை, ஈரல், இவற்றோடு எலுமிச்சை பிழிந்தோ கொய்யாத் துண்டு வைத்தோ கொடுத்தால் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

போனை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் இரவு ஒரு வேளை மட்டும், எல்லாரும் தரையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டுக்காரர் தட்டில் என்ன காய் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அப்பா சுரைக்காயை ஓரம் தள்ளினால் மகன் பீன்ஸை அடுக்கத்தான் செய்வான்.

கோவைத் தாத்தா:
பசியை நான் சொன்னது பாலுக்கும் சேர்த்துத்தான். சரி, கட்டாயம் வேண்டாம் என்கிறீர்கள். "காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்று ஆசை காட்டலாமா? என் மருமகள் அதைத்தான் செய்கிறாள்.

வைகைக்கரை:
எதையும் காட்ட வேண்டாம் தாத்தா. காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும்.

நித்திலம்:
சாக்லேட் வேண்டாம் என்பது சரி. "எதையும் வேண்டாம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2011-ல் லண்டன் பள்ளிகளில் பிடிக்காத காயில் தினமும் ஒரு துண்டு ருசி பார்த்தால் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ஸ்டிக்கர் நின்று மூன்று மாதம் ஆன பிறகும் அந்தப் பிள்ளைகள் அந்தக் காயைச் சாப்பிட்டார்கள். தின்பண்டத்தைப் பரிசாக்காமல், முடிக்கச் சொல்லாமல், ருசி பார்த்ததற்கு மட்டும் ஒரு ஸ்டிக்கர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வைகைக்கரை:
நான் ஸ்டிக்கருக்குப் பதில் காய் நறுக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பீன்ஸ் நார் எடுக்கட்டும், பட்டாணி உரிக்கட்டும், சந்தையில் கத்தரிக்காயை அவனே பொறுக்கிக் கூடையில் போடட்டும். உரிக்கும்போதே ரெண்டு பச்சைப் பட்டாணி வாய்க்குள் போகும்.

இளவேனில், தயிர்சாதத்தில் பிடித்துத் தொடங்குங்கள். பீட்ரூட்டைத் துருவி, கடுகு, உளுந்து தாளித்து, தேங்காய் போட்டு வதக்கித் தட்டின் ஓரத்தில் வையுங்கள். அவனே ஒரு சிட்டிகை எடுத்துத் தயிர்சாதத்தில் பிசையட்டும், சாதம் ரோஸ் நிறமாகும். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, அவன் கண் முன்னால் அவன் கையாலேயே நடக்கிறது.

மணிமுத்தாறு:
பீட்ரூட் யோசனை நல்லது, நானும் செய்து பார்க்கிறேன். ஆனால் கீரைச் சப்பாத்தியை நிறுத்த மாட்டேன். கூடவே தட்டில் ஒரு ஸ்பூன் பொரியலும் வைப்பேன், அவ்வளவுதான் விட்டுக்கொடுக்க முடியும். பழத்துக்கு: கொய்யாவைக் கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவுங்கள். என் சின்னவன் அப்படித்தான் ஆரம்பித்தான்.

நித்திலம்:
திராட்சை கொடுத்தால் முழுசாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வயது. இன்னொன்று: சாப்பிடும் பொருள்கள் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போனாலோ, புதிய உணவு வாயில் பட்டதும் குமட்டினாலோ, எடை ஏறாமல் நின்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதை வீட்டுச் சண்டையில் தீர்க்க முடியாது.

இளவேனில்:
எடை சரியாகத்தான் இருக்கிறது. ஏழு மணிப் பாலை இன்றிலிருந்து நிறுத்துகிறோம், மாமியாரும் ஒத்துக்கொண்டார்கள். கேரட் தோசை தொடரும், பக்கத்தில் துருவிய கேரட் கொஞ்சம் தெரியும்படி இருக்கும். நாளைக்கு பீட்ரூட்.

நித்திலம்:
மறுநாள் சிறுநீர் சிவப்பாக வந்தால் பயந்துவிடாதீர்கள், சிலருக்கு பீட்ரூட்டின் நிறம் அப்படி இறங்கும். மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.