யாரும் கதை கேட்காத ஆர்ட் க்ரூப்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

சின்ன வயசுல அப்யூஸ் நடந்து அதைத் தாண்டி வந்தவங்களே சேர்ந்து நடத்துற பெயின்டிங், களிமண், நாடகம் மாதிரி க்ரூப்ல யாராவது இருந்திருக்கீங்களா? நான் ஒண்ணுக்கு போயிட்டு இருக்கேன், நல்லது கெட்டது ரெண்டும் எழுதலாம். என்ன நடந்துச்சுன்னு விவரமா மட்டும் யாரும் எழுத வேணாம், படிக்கிறவங்களுக்கும் கஷ்டம். அந்த க்ரூப்லயே அதைக் கேட்க மாட்டாங்க.

எனக்கு மொதல்ல ஆச்சரியமா இருந்ததே அதுதான். அதுவரைக்கும் எங்க உதவின்னு போனாலும் முழுக்கதையும் ஒப்பிக்கணும், ஃபார்ம்ல ஒரு தடவை, டாக்டர்கிட்ட ஒரு தடவை, அவர் அனுப்புற ஆள்கிட்ட திரும்ப ஒரு தடவை. இங்க நடத்துற அக்கா சொன்னது இவ்வளவுதான்: "கதவு பூட்டல, எப்ப வேணா எழுந்து போலாம், காரணம் சொல்ல வேணாம்." வேற ஒரு இடத்துல ரிலாக்ஸ் பண்ண சொல்லித் தர்றோம்னு லைட்டை அணைச்சு எல்லாரையும் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னாங்க, அதுக்கு மேல என்னால அங்க உட்கார முடியல. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஆளுங்க இருக்கிற இருட்டு ரூம்ல கண்ணை மூடுறது எங்களுக்கு ரிலாக்ஸ் இல்லன்னு பட்டவங்களுக்குத்தான் சட்டுனு புரியுது. அக்கா, "கண்ணைத் திறந்தே வச்சுக்கோங்க, கதவைப் பார்த்து உட்காரணும்னா சேரைத் திருப்பிக்கோங்க"ன்னு நாம கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க.

பாடி மேப்பிங்னு ஒண்ணு இருக்கு. தரையில பெரிய பேப்பர் விரிச்சு, ஆளைப் படுக்க வச்சு, உடம்பைச் சுத்திக் கோடு போட்டு, அந்த உருவத்துக்குள்ள கலர் அடிக்கிறது. 2000-க்கு அப்புறம் தென்னாப்பிரிக்காவுல எச்.ஐ.வி. இருக்கிறவங்க மத்தியில நல்லா பயன்பட்ட முறை. ஆனா நம்மளைப் படுக்கச் சொல்லி இன்னொருத்தர் மேல குனிஞ்சு பென்சில் ஓட்டுறதுன்னா... படிக்கும்போதே உங்கள்ல பாதி பேருக்கு உடம்பு இறுகியிருக்கும். அக்கா அதை மாத்திட்டாங்க. செவுத்துல பேப்பர் ஒட்டி, அதுல விழுற நம்ம நிழலை நாமளே வரையலாம், இல்லன்னா குத்துமதிப்பா வரையலாம், உடம்பே வேணாம்னா ஒரு மரம் வரையலாம். நான் கை மட்டும் வரைஞ்சேன், பச்சை கலர்ல, ரொம்ப நாளைக்கு கை மட்டுமேதான். மிச்சம் எங்கன்னு ஒருத்தரும் கேட்கல.

---

நான் ஆம்பள. ஆம்பளப் பசங்களுக்கும் இது நடக்கும்னு சொன்னா இன்னமும் சிரிக்கிறவன் இருக்கான், அவனை விடுங்க. நான் இருக்கிறது நாடக க்ரூப். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் 1970-கள்ல கொண்டுவந்த ஃபோரம் தியேட்டர் பாணி, அதாவது ஒரு சீனை நடிச்சுக் காட்டுவோம், அப்புறம் திரும்ப நடிக்கும்போது பார்க்கிறவங்க "ஸ்டாப்"னு சொல்லிட்டு மேடைக்கு வந்து வேற மாதிரி செஞ்சு காட்டலாம். ஒரிஜினல் முறையில பாதிக்கப்பட்டவரோட இடத்துக்குத்தான் பார்வையாளர் வரணும். நாங்க அதை அப்படியே எடுத்துக்கல, ஏன்னா குழந்தை இடத்துக்கு ஒருத்தர் வந்து தைரியமா கத்திக் காட்டினா, அப்போ அன்னைக்கு நீ ஏன் கத்தலன்னு நம்மளையே கேட்கிற மாதிரி ஆயிடும்! அதனால எங்க ரூல், குழந்தையை மாத்தக் கூடாது, தப்பு செஞ்சவனையும் மாத்தக் கூடாது, சுத்தி இருக்கிற பெரியவங்களை மட்டும்தான் மாத்தலாம். சொந்தக் கதையை நடிக்கவும் கூடாது, எல்லாம் கற்பனைக் குடும்பம்தான்.

ஒரு சீன்ல வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் குழந்தையைக் கிட்ட கூப்பிடுறாரு, அது போக மாட்டேங்குது, எல்லாரும் "போ, போ"ன்னு தள்ளுறாங்க. வயசான ஒருத்தர் ஸ்டாப் சொல்லிட்டு சித்தப்பா இடத்துக்கு வந்தாரு. டயலாக் எதுவும் வரல அவருக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல போய் சும்மா நின்னாரு. பெரிய மனுஷனா நடிச்சவரு இந்தப் பக்கம் வந்தா இவரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனா இவரும் அந்தப் பக்கம். அவ்வளவுதான் சீன். நான் எத்தனையோ கவுன்சிலிங் போயிருக்கேன், அவங்க மேல குறை ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு பெரியவர் குறுக்க நின்னா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

---

நான் கொஞ்சம் கசப்பா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. கலை நல்லதுதான், எக்ஸிபிஷன்தான் பிரச்சனை. எங்க க்ரூப்புக்கு ஃபண்ட் குடுத்த இடத்துல (பேரு வேணாம்) இருந்து வந்தவங்க, இருக்கிறதுலயே இருட்டான படமா பார்த்து எடுத்தாங்க. மஞ்சள் பூ வரைஞ்சவளோட படம் ரிஜெக்ட், ஏன்னா அதுல "வலி தெரியல"யாம்!! முன்னாடி எப்படி இருந்தீங்க இப்ப எப்படி இருக்கீங்கன்னு மார்க் போட ஒரு ஃபார்ம் வேற. கூட வந்த போட்டோகிராஃபருக்கு சம்பளம் உண்டு, படம் வரைஞ்சவங்களுக்கு சர்டிஃபிகேட்.

அப்புறம் நாங்களே தனியா ஒரு ஷோ வச்சோம். அமெரிக்காவுல க்ளோத்ஸ்லைன் ப்ராஜெக்ட்னு 1990-ல மாசசூசெட்ஸ்ல 31 சட்டையோட ஆரம்பிச்சாங்க, வன்முறைக்கு ஆளானவங்க தங்களோட சட்டையில எழுதி வரைஞ்சு கொடியில காயப்போடுற மாதிரி மாட்டுறது. கலருக்கும் அர்த்தம் உண்டு, சின்ன வயசு பாலியல் கொடுமைன்னா நீலமோ பச்சையோ. பேரு போட வேணாம். அதே மாதிரி நாங்களும் மாட்டினோம், எங்கள்ல ஒருத்தர் எழுத்து உள்ள போற மாதிரி சட்டையைத் திருப்பி மாட்டியிருந்தாங்க. பார்க்க வந்த ஒருத்தர் ஏதோ தெரியாம மாட்டிட்டாங்கன்னு நினைச்சு நேராக்கப் போனாரு, நான் "சார் அது அப்படித்தான்"னு கையைக் காட்டித் தடுத்தேன். ஷோ முடிஞ்சதும் அவங்க அதை மடிச்சு பையில போட்டுக்கிட்டாங்க. இன்னொருத்தர் தன்னோடதைக் கிழிச்சுட்டாரு, அதுக்கும் அவருக்கு உரிமை இருக்கு.

---

நான் க்ரூப் நடத்துற ஆள், எனக்கும் சின்ன வயசுல நடந்ததுதான். மேல எழுதின மூணு பேர் சொன்னதும் சரி, ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். ஆர்ட் பண்ணினா உடனே மனசு லேசாகும்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1986-ல வெளிவந்த அவரோட ஆய்வுல, காலேஜ் பசங்களை மனசுல அழுத்துற விஷயத்தை தினமும் 15 நிமிஷம், நாலு நாள் எழுத வச்சாங்க. எழுதி முடிச்ச கையோட மூட் மோசமாத்தான் ஆச்சு, பின்னாடி வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது குறைஞ்சது. எங்க க்ரூப்லயும் அன்னைக்கு ராத்திரிதான் ஆட்டிப் படைக்கும். அதனால கடைசி அரை மணி நேரம் யாரும் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டோம், பிரஷ் கழுவுறது, பேப்பர் அடுக்குறது, ஊர்க்கதை, அவ்வளவுதான். மறுநாள் ஒரு மெசேஜ், பதில் போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

எப்பவும் ரெண்டு பேரா நடத்துவோம், யாராவது எழுந்து வெளிய போனா ஒருத்தர் பின்னாடி போகணும்ல. எங்களுக்கும் ஆடிப்போற நாள் வரும், நடத்துறவங்க பேசுறதுக்குன்னு வெளிய ஒரு ஆள் இருக்கணும், அது இல்லாத க்ரூப் சீக்கிரம் கலைஞ்சு போயிடும். ட்ரீட்மென்ட் எடுக்கிறவங்க அதை நிறுத்திட்டு இங்க வரக்கூடாது. பேசுறதெல்லாம் ரகசியம், ஆனா இப்ப ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா அங்க ரகசியம் கிடையாது, அதை மொத நாளே சொல்லிடுவோம்.

---

எனக்கு வரையவும் வராது நடிக்கவும் வராது, அதனாலயே போகாம இருக்கேன். வரலாமா?

---

தாராளமா போங்க. 2015-ல ஆஸ்திரேலியாவுல பாலரட்ங்கிற ஊர்ல, கொடுமை நடந்த பழைய ஸ்கூல் வேலியில ஜனங்க கலர் ரிப்பன் கட்ட ஆரம்பிச்சாங்க, லவுட் ஃபென்ஸ்னு பேரு, அது மத்த ஊருக்கும் பரவுச்சு. முடிச்சு போடத் தெரிஞ்சா போதும். எங்க க்ரூப்ல ஒருத்தர் துணி வெட்டிக் குடுக்கிறதோட சரி, அவரும் மெம்பர்தான். போறதுக்கு முன்னாடி மட்டும் நடத்துறது யாரு, பாதியில எழுந்து வரலாமா, செஞ்சதை வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டுக்கோங்க. மூணாவதுக்கு மழுப்பினா வேற க்ரூப் பாருங்க.